சபூராவின் சிட்டம்

அவரவர் நூற்ற நூல் சிட்டத்தில் அவரவர் பெயர்ச்சீட்டைத்தான் கட்ட வேண்டும் என்பது எங்கள் பள்ளியின் நூற்பு வகுப்பு விதி. பிற்காலத்தில் தாலுகா ஆபீசில் எத்தனையோ விதிகளைக் கரைத்துக் குடித்தேன். நான் மீறியது இது ஒன்றைத்தான்.

போன ஐப்பசியில் குற்றாலத்தில் அருவி வெள்ளம் வடியக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள், இடக்கையால். உடனே சபூரா நினைவில் வந்துவிட்டாள்.

சபூரா என் வகுப்பு, தென்காசி நெசவாளர் வீட்டுப் பெண். நூற்கும் கதிரான தக்ளியை இடக்கையால்தான் சுழற்றுவாள். கதை பேசிக்கொண்டே இழுப்பாள், இழை அறாது. எனக்கோ மூச்சுவிட்டாலே அறுந்துவிடும். மடியெல்லாம் பஞ்சுத்தூசி.

"நெரிக்காதட்டி, பஞ்சு உனக்கு என்ன பாவம் செஞ்சுது?" என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு பொறுக்காமல், வகுப்புத் தலைவி என்ற அதிகாரத்தில் எங்கள் இருவர் சீட்டையும் மாற்றிக் கட்டினேன். முதல் பரிசான பின்னல் ஊசிகள் எனக்குக் கிடைத்தன. சபூரா கைதட்டினாள்.

குற்றாலத்திலிருந்து திரும்பியதும் உண்மையை எழுதி, ஊசிகளையும் வைத்து, புளியங்குடியில் இருக்கும் அவளுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டுக் கடிதமும் அனுப்பினேன்.

கடைசியில் ஒரு பார்சல் வந்தது. அந்த ஊசிகளால் பின்னிய கம்பளிக் குல்லாவும் ஒரு சீட்டும் இருந்தன.

"அன்னைக்கே தெரியும்ட்டி. உன் பேரு போட்ட சிட்டத்துல முறுக்கு என் இடக்கைப் பக்கமால்லா ஓடுச்சு? டீச்சருக்குத்தான் தெரியலை. குளிருக்குப் போட்டுக்கோ."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்ணி கண்ணியாகப் பிழை தேடினேன். ஒன்றுகூட இல்லை. வயிறு எரிந்தது.

ஆபீஸ் பழக்கத்தில் சீட்டின் மூலையில் குறித்தேன்: பதில் கிடைத்த தேதி, தை மூன்று.