வீட்டில் யாருக்காவது இருக்கிறதா?

என் கணவர் ஏனாத்தூரில் கல்லூரிப் பேருந்து ஓட்டினார். நான் அதே கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அவர் திருப்புட்குழியில் நிலபுலன் உள்ள குடும்பம், பெருமாள் பக்தர். நான் காலனியில் பிறந்த கிறிஸ்தவப் பெண். கல்யாணத்தன்று அவர் வீட்டோடு அறுந்த உறவு, எங்களுக்கு மகள் பிறந்த பிறகும், பதினோரு வருடமாக ஒட்டவே இல்லை.

போன புரட்டாசியில் ஒருநாள் மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"சனிக்கிழம விரதம் இருந்துக்கினு இருக்கறேன்ல, அதான்மா. வாயு."

நான் விடவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்பா, சித்தப்பா, வீட்டுல யாருக்காவது ஹார்ட் பிரச்சனை இருக்குதா?" என்று டாக்டர் கேட்டார்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "இல்ல சார்."

வெளியே வந்ததும், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"தெரியாதுன்னா ஏன்னு கேப்பாரு. அவருகிட்ட நம்ம கதையெல்லாம் சொல்லிக்கினு இருக்கணுமா?"

வாயு மாத்திரையோடு திரும்பினோம். அடுத்த சனிக்கிழமையும் அவர் விரதம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் அவருக்காக முழங்காலிட்டேன். நம்பிக்கையில் இரண்டு பேரும் குறை வைக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, வண்டியைக் கிளப்பும் முன்பே ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். வயது நாற்பத்திரண்டு.

அன்றுதான் மாமியார் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குள் வந்தார். மகன் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துக் கதறினார்.

"உங்க சித்தப்பன் மாதிரியே பூட்டியேடா! அவனும் போன வருசம் இப்படிதானே போனான். உங்கப்பனுக்கும் நெஞ்சுல ஆபரேசன் பண்ணாங்களே, உனக்கு ஒரு வார்த்த சொல்லலியே நானு!"

அவர் சொன்னது எனக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. உறைத்தபோது அவரை அடித்துத் தள்ள வேண்டும் போலிருந்தது.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேமா," என்று மட்டும் கேட்டேன்.

"நம்பரு இருந்துச்சுமா. உங்க மாமா வுடல. நானும் பயந்துக்கினு இருந்துட்டேன்."

எங்கள் சபையில் கர்த்தரின் சித்தம் என்றார்கள். திருப்புட்குழியில் பெருமாள் அழைத்துக்கொண்டார் என்றார்களாம். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. டாக்டரிடம் ஒரு 'ஆமாம்' சொல்லியிருந்தால் வேறு சோதனைகள் செய்திருப்பார்களோ என்றுதான் மனம் சுற்றிச் சுற்றி வருகிறது.

மாமியார் இப்போது தினமும் பேத்தியிடம் பேச போனில் கூப்பிடுகிறார். சில நாள் எடுத்து மகளிடம் கொடுக்கிறேன். சில நாள் மணி அடித்து ஓயும்வரை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.