மிச்ச வெயில்

அந்த வாரம் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. நாங்கள் வடிவமைத்துக்கொண்டிருந்த விண்கலத்துக்கு வேண்டிய செனான் வாயு, கணக்கில் திடீரென்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.
2. அலுவலகத்தில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.
3. எனக்குச் சந்தேகம் வந்தது.
4. எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் சோலார் பேனல் தரும் மின்சாரமும் குறைந்தது.
5. அதில் யாரும் சந்தோஷப்படவில்லை. சந்தேகம் மட்டும் எல்லோருக்கும் வந்தது.
6. வெள்ளிக்கிழமை ஆய்வுக் கூட்டம் என்று அறிவித்தார்கள். செனான் கணக்கைச் சரிபார்த்தவள் என்று நான் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் வருகிறது என்றதும் எங்கள் சிறிய நிறுவனம் தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஒரு லாரி புக்கிங் ஆபீஸுக்கு மேல் மாடி பிடித்தது. கீழே கன்டெய்னர் லாரி திரும்பினால் என் மேசையில் டீ தளும்பும்.

எங்கள் கலம் வட துருவத்துக்கு நேர் மேலே, வெகு தொலைவில் நின்றபடி கீழே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி நிற்கும் பாதை இயற்கையில் இல்லை. சும்மா விட்டால் நழுவிவிடும். இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மெல்லிய, பளபளப்பான ஒரு பெரிய பாயை விரித்தால், சூரிய ஒளி அதில் பட்டுத் திரும்பும்போது கலத்தைத் தள்ளும். அதற்கு எரிபொருள் வேண்டாம். ஆனால் சூரியனை விட்டு விலகும் பக்கமாக மட்டுமே அது தள்ளும். மற்றப் பக்கங்களுக்கு மின் உந்துபொறி வேண்டும். அது செனானைச் செலவழிக்கும். செனான் தீர்ந்தால் கலத்தின் வேலையும் தீர்ந்தது.

பாயும் பாதையும் என் கோப்பு. உந்துபொறியும் அதற்கு மின்சாரம் தரும் சோலார் செல்களும் எதிர் மேசையில் இருந்த சாத்தான்குளத்துக்காரரின் கோப்பு. அவர் தன் புதிய கோப்பை இணைத்த அன்றுதான் செனான் குறைந்தது.

"எப்படிக் குறைஞ்சுது?" என்று கேட்டேன்.

"தனி பேனலைத் தூக்கிட்டேன்லா. செல்லைப் பாய் மேலயே ஒட்டியாச்சு. கனம் போச்சு, செனானும் குறைஞ்சுட்டு."

"இவ்வளவா?"

"கூடினாலும் ஏன்னு கேக்கீங்க, குறைஞ்சாலும் ஏன்னு கேக்கீங்க. நீங்க போலீஸுக்குப் போயிருக்க வேண்டிய ஆளு மேடம்."

பாயையும் பொறியையும் சேர்க்கும் யோசனைக்காகவே அவரை வேலைக்கு எடுத்திருந்தார்கள். அது தேறாவிட்டால் அவருடைய ஒப்பந்தமும் தேறாது. ஆகவே எண்ணை அவர் எங்கோ தட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அவருடைய கோப்பைத் திறந்து பொறியின் திறன், செல்லின் எடை, கம்பியின் எடை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. சந்தேகம் கூடியது.

"என் ஃபைல நோண்டிக்கிட்டு இருக்கீங்க போல" என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரிபார்க்கிறேன்."

"பாருங்க, பாருங்க. நானும் உங்க ஃபைலத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். பாய் தள்ளுறது கொஞ்சம் தாராளமாத்தான் இருக்கு."

வீட்டிலும் இதே கதைதான். பேனல் மாட்டிய அண்ணாச்சியை அம்மா வரவழைத்திருந்தாள்.

"பழசத் தொடச்சுப் புதுசுன்னு தலையில கட்டிட்டீயளோ, அண்ணாச்சி?"

"யம்மா, எந்தக் கோயில்ல வேணும்னாலும் வந்து சத்தியம் பண்ணுதேன். துறைமுகத்துக் கரித்தூசி படியுது, அதான். இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரன் கம்பி போட்டு இழுக்கான்."

பக்கத்து வீட்டு ஜன்னல் மூடும் சத்தம் கேட்டது.

கைப்பேசியில் பேனலின் கணக்கைப் பார்த்தேன். காலையில் சரியாக ஏறி, வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் இறங்கியது. கரித்தூசி நேரம் பார்த்துப் படியாது. வியாழக்கிழமை மதியம் சாப்பிட வந்தவள் சொல்லாமல் மாடிக்கு ஏறினேன். பேனல்களின் மேல் பழைய சேலையை விரித்து, அதில் நெத்திலி காயப்போட்டிருந்தது.

அம்மா பின்னாலேயே வந்தாள். "தரையில விரிச்சா பூனை தின்னுட்டுப் போவுது. இதுல ஏறுனா அதுக்கு வழுக்குது, பாத்துக்கோ."

"கரண்டு குறையுறது இதனாலதாம்மா."

"அதெப்படிளா குறையும்? அது எடுக்கிறத எடுத்துட்டுப் போவட்டும். மிச்ச வெயில்லதான மீன் காயுது?"

"மிச்ச வெயில்னு ஒண்ணு கிடையாது. மீன் மேல விழுந்தது மீனுக்கு. பேனலுக்கு வராது."

சொல்லி முடித்ததும் மாடியிலேயே நின்றேன். என் கோப்பில் பாய் முழுவதும் கண்ணாடி போல ஒளியைத் திருப்பியது. அவர் கோப்பில் அதே பாயின் ஒரு பகுதி ஒளியை விழுங்கி மின்சாரம் செய்தது. விழுங்கும் இடம், திருப்பும் இடத்தின் பாதி அளவுதான் தள்ளும். ஒரே வெயிலை இருவரும் முழுதாக எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் கணக்கு அவருக்குச் சரி, என் கணக்கு எனக்குச் சரி. ஒட்டிய இடத்தைப் பாயிலிருந்து கழிப்பது யார் வேலை என்று எங்கள் இருவரின் கோப்பிலும் இல்லை. அதனால் அதை யாரும் சந்தேகிக்கவும் இல்லை.

"அண்ணாச்சிய வேற ஏசிட்டேனே" என்றாள் அம்மா. மீனை எடுக்கவில்லை. "இன்னைக்கு மட்டும் காயட்டும்."

அலுவலகத்துக்குத் திரும்பியதும் எதிர் மேசைக்காரர் மூக்கைச் சுளித்தார். "கருவாட்டு வாசம் வருது."

விஷயத்தைச் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். பேனாவை மேசையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"செல் ஒட்டுன இடம் உங்க பாய்ல கழியணும்."

"ஆமா."

"பாய் குறைச்சுத் தள்ளுனா என் பொறி கூடத் தள்ளணும். அதுக்குக் கூட கரண்டு. அதுக்குக் கூட செல்."

"கூட செல்னா பாய் இன்னும் குறையும்."

"இது எங்கயாவது போய் நிக்குமா, மேடம்?"

"கம்ப்யூட்டர்ல கணக்கை ஓட்டிப் பாப்போம்."

நின்றது. ஆனால் செனான் குறைந்த அளவில் பெரும்பகுதி திரும்ப ஏறிய பிறகுதான் நின்றது. அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கீழே லாரி திரும்புவதைப் பார்த்தார். பிறகு, "திருத்தினதுல கையெழுத்துப் போடுங்க" என்றார். ஏன் இவ்வளவு எளிதாக ஒத்துக்கொள்கிறார் என்று அப்போதும் சந்தேகப்பட்டு, இன்னொரு முறை ஓட்டினேன். அதே எண்தான் வந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டேன்.

இப்போதைய நிலை: பாயும் பொறியும் சேர்ந்த முறை ஏற்கப்படவில்லை, கைவிடப்படவும் இல்லை. பொறி மட்டும் இருந்தால் ஆகும் செனானைவிட இது கொஞ்சம் குறைவாகக் கேட்கிறது. அந்தக் கொஞ்சத்துக்காக இவ்வளவு பெரிய பாயைச் சுமப்பது தகுமா என்று இன்னும் முடிவாகவில்லை. அவருடைய ஒப்பந்தத்தை அடுத்த ஆய்வு வரை நீட்டியிருக்கிறார்கள். பாயின் பரப்பளவு இப்போது ஒரே கோப்பில், இருவரும் திறக்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. இருவரும் அடிக்கடி திறந்து பார்க்கிறோம். வீட்டில் மதிய நேரத்து மின்சாரம் போன வாரம் சரியாகியிருந்தது. நேற்று மறுபடியும் லேசாகக் குறைந்திருக்கிறது. அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.