சமன்பாட்டில் அடங்காத கியர்

பெனிஷா மூக்கண்டப்பள்ளியில் ஒரு கியர் கம்பெனியில் தர ஆய்வாளர். லீவு கிடைத்த நாளெல்லாம் பெங்களூருக்குப் போய், எட்டு வருஷமாக இயற்பியலில் முனைவர் பட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

யார் அளந்தாலும் ஒளியின் வேகம் ஒன்றுதான் என்பது சார்பியல். வேகமாக விரையும் பொருளின் நீளம் சுருங்கும் என்பதும் அதில் அடக்கம். ஆனால் இதற்குக் கீழே நீளமே கிடையாது என்று ஒரு கடைசி அளவு இயற்கையில் இருந்தால்? அது மட்டும் எப்படிச் சுருங்கும்? அதுவும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்படி விதியைத் திருத்துவதுதான் அவளுடைய ஆய்வு. திருத்தினால் ஆற்றலுக்கு ஓர் உச்சவரம்பு வந்து தொலைத்தது. எலக்ட்ரானுக்கு அது எட்டாத உயரம்; ஒரு மணல் பருக்கையோ சும்மா கிடந்தாலே அதைத் தாண்டிவிடும்; அப்படியானால் அது இருக்கவே முடியாது.

ஆய்வுக்குழு கூடிய அன்று, பெங்களூர் போகும் வழியில் அத்திப்பள்ளியில் ஒன்றரை மணி நேரம் பஸ் நகரவில்லை. வியர்த்து வழிய உள்ளே போனவளிடம் தேர்வாளர் அனிதா கேட்டார்:

“நீங்க கியர் கம்பெனிதானே? உங்க சமன்பாட்டுப்படி அந்த கியரே இருக்க முடியாதே?”

“எட்டு வருஷமா தெரியும், மேடம்.”

வழிகாட்டி மாதவன் அவசரமாகக் குறுக்கிட்டார். “பொருள்ல எத்தனை துகள் இருக்கோ அத்தனை மடங்கு வரம்பை உயர்த்திட்டா சரியாயிடும்.”

“ஏன் உயர்த்தணும்?”

மாதவன் பெனிஷாவைப் பார்த்தார். சிக்கலான கேள்வியை எப்போதும் இப்படித்தான் அவள் தலையில் கட்டுவார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏன்னு தெரியல, மேடம். அப்படிச் செஞ்சா விடை வருது, அவ்வளவுதான். அளவு தப்பின பீஸை அரத்தால ராவிட்டு பாஸ் போட்டா, எங்க கம்பெனியில வேலையை விட்டே தூக்கிடுவாங்க.”

ஆய்வேட்டைத் திருத்தி எழுத ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். வீட்டில் கணவன் வெஸ்லின் கேட்டான்: “பாஸா, பெயிலா?”

“ரெண்டும் இல்ல.”

“எட்டு வருஷம் கழிச்சுமா?”

டிபன் பாக்ஸைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் எறிந்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று வழிகளில் முயன்றதையும், மூன்றும் ஏன் தேறவில்லை என்பதையும் ‘தோற்ற மூன்று வழிகள்’ என்ற தலைப்பில் தனி அத்தியாயமாக எழுதினாள். “தலைப்பைக் கொஞ்சம் மென்மையாக்கும்மா” என்றார் மாதவன். மாட்டேன் என்றாள். அடுத்த வருஷம் பட்டம் வந்தது.

கம்பெனியில் மேலாளர் ராஜேஷ்குமார் கை குலுக்கினார். “என்ன கண்டுபிடிச்சீங்க?”

“எது சரிப்படலைன்னு எழுதியிருக்கேன், சார்.”

“அதுக்கா டாக்டர் பட்டம்?”

பெனிஷா பல்லைக் கடித்துக்கொண்டு, “ஆமா சார்” என்றாள்.