ரோஜாப் படம் போட்ட டப்பா

மல்லிகைக்கு உரம் என்றால் எனக்கு ரோஜாப் படம் போட்ட அந்த இறக்குமதி டப்பாதான். சுபாங் ஜெயாவில் என் பக்கத்து வீட்டுச் செல்வி, காப்பாரில் இருக்கும் உரக்கடையில் கிலோ கணக்கில் தூள் வாங்கிப் போடுவாள். "சாமிக்கு வைக்கிற பூவுக்கு எண்ணெய்ப்பனைத் தோட்டத்து உரமா?" என்று அவளிடமே முகம் சுளித்தவள் நான்.

ஒருநாள் டப்பா காலி. எங்கு தேடியும் கிடைக்கவில்லை. வேறு வழியின்றி காலி டப்பாவோடு காரில் அந்தக் காப்பார் கடைக்கே போனேன். கடைக்காரர் அதை ஒரு தூள் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"படத்தைப் பார்க்காதீங்கக்கா, நம்பரைப் பாருங்க. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மூணும் ரெண்டுலயும் ஒன்னுதான்லா."

ஒரு கிலோ வாங்கினேன். வெட்கத்தில் பாதியைப் பழைய டப்பாவில் கொட்டி, கடைப் பெயர் போட்ட பொட்டலத்தை ஒளித்து வைத்தேன். செடி கொள்ளாமல் பூத்தது.

செல்வி வேலியோரம் வந்து நின்றாள். "நீங்க சொன்னது சரிதான்க்கா. நானும் அந்த டப்பாவே வாங்கப் போறேன்."

உள்ளே போய்ப் பொட்டலத்தை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அடுத்த தடவை கடைக்கு ஒரே காடியில போவோம்க்கா!"

இப்போது வெள்ளிக்கிழமைகளில் இரண்டு வீட்டுப் பூவையும் ஒரே சரமாகக் கட்டுகிறோம். எது யார் வீட்டுப் பூ என்று சாமி ஒருநாளும் கேட்டதில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.