ஊர் பார்த்த கலியாணக் கட்டில்

என் கலியாணக் கட்டிலில் என்னை முந்திக்கொண்டு படுத்தவர்களைக் கூட்டினால், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் வீட்டுக்கு ஒருவராவது தேறுவார். நான் இல்லாததையும் கூட்டிச் சொல்கிறேன் என்பார் என் கணவர். அவர் வாயே திறக்கக்கூடாது. அவரும் எனக்கு முன்னால் அதில் படுத்தவர்தான், அதுவும் என் வாப்பாவோடு.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். வருகிறவருக்கு வீடு, அறை, கட்டில் எல்லாம் பெண்ணைப் பெற்றவர்கள் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். என் வாப்பா நிந்தவூரில் ஓடாவி. மரவேலை செய்கிறவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த கதிரையில் இருந்துகொண்டுதான் அவருடைய முன்கோபத்தைப் பற்றிக் கதைத்தார்கள்.

ஒரே மகளுக்குக் கட்டில் செய்கிறேன் என்று அவர் முதிரை மரத்தை அறுத்துப் போட்ட நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை. கட்டிலில் ஒரு ஆணிகூடக் கிடையாது. சட்டங்களைக் கால்களில் செருகி, ஆப்பு வைத்து இறுக்கினால் நிற்கும், ஆப்பைத் தட்டினால் கழன்று வரும். தலைமாட்டுப் பலகையில் மாதுளங்காய்கள் செதுக்கினார். உம்மா பார்த்துவிட்டு, தர்ப்பூசணி என்று நினைத்து, "வத்தகப்பழம் நல்லா இரிக்கு" என்றார். அன்றைக்கு வாப்பா சோறு தின்னவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒலிபெருக்கி கட்டின கார் ஒன்று ரோட்டில் போனது. கல்முனையில் மரவேலைக் கண்காட்சி, தளபாடப் போட்டி, பரிசு உண்டு என்று கத்திக்கொண்டு போனது. வாப்பா கட்டிலைப் பார்த்தார். உம்மா வாப்பாவைப் பார்த்தார்.

"வேணாம்" என்றார் உம்மா.

"நான் ஒண்டும் செல்லல்லயே."

"உங்கட மூஞ்சி செல்லுது."

கண்காட்சி சனிக்கிழமை முடிகிறது, கலியாணம் ஞாயிற்றுக்கிழமை. சனி பின்னேரம் கட்டில் அறையில் நிற்கும் என்று வாப்பா அல்லாஹ்வின் மேல் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி, அதைக் கழற்றி லொறியில் ஏற்றிவிட்டார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பார்க்கிறவர்களின் மனம் இளகட்டும் என்று ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் ‘என் மகளின் கலியாணக் கட்டில்’ என்று எழுதித் தலைமாட்டில் மாட்டியும் வைத்தார். மற்றவர்களின் அலுமாரியையும் மேசையையும் சனம் நின்று பார்த்துவிட்டுப் போனது. எங்கள் கட்டிலை மட்டும் படுத்துப் பார்த்தது. மருதமுனையிலிருந்து வந்த பெண்கள் மெத்தை தைக்க அளவெடுப்பதுபோல் சாண் போட்டார்களாம். சாகாமத்து வயல்களிலிருந்து வந்த ஒரு கமக்காரர் தலைப்பாகையை அவிழ்த்துத் தலைக்கு வைத்து, பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை குறட்டை விட்டாராம். வாப்பா அவரை எழுப்பவில்லை. நல்ல கட்டில் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா என்று நினைத்திருப்பார்.

செய்தி அட்டாளைச்சேனைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேதான் மாப்பிள்ளை வீடு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மாப்பிள்ளையின் மாமா வந்தார். கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல், மாமியார் சொல்லிவிட்டதை அப்படியே ஒப்புவித்தார்.

"ஊரே படுத்தெழும்பின கட்டிலுக்கு என்ட மகன் வாறதா? நாளைக்குப் பொழுதுபட முந்தி, மஃரிபுக்குள்ள கட்டில் ஊட்டுக்கு வரணும். வராட்டி மாப்புள வரமாட்டார். இதத்தான் எங்கட ராத்தா செல்லச் சென்னா." ராத்தா என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா.

மாப்பிள்ளையை நான் ஒரேயொரு தடவைதான், ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்திருந்தேன். சேட்டின் மேல் பொத்தானைக் கழுத்தோடு பூட்டிக்கொண்டு, வியர்த்து வழிய, வாசலில் கழற்றி வைத்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இந்தக் கலியாணம் எனக்கு வேண்டும். ஒரு மரக்கட்டிலால் அது நின்றுபோனால் வாப்பாவின் உளி, சீவுளி எல்லாவற்றையும் கடலில் போடுவேன் என்று உம்மாவிடம் சொன்னேன். தூக்கத் தானும் வருவதாக உம்மா சொன்னார்.

சனிக்கிழமை காலையில் உம்மாவும் நானும் பஸ் ஏறினோம். விடிந்தால் கலியாணம், கைநிறைய மருதோன்றி. அந்தக் கோலத்தில் பெண் வெளியே போவதை ஊர் கண்டால் வேறு வினையே வேண்டாம். முக்காட்டை மூக்குவரை இழுத்து, கைகளைச் சீலைக்குள் ஒளித்துக்கொண்டு கண்காட்சிக்குள் நுழைந்தேன்.

கட்டிலைக் கொண்டுபோக வேண்டும் என்று உம்மா கேட்டதும் வாப்பா கையைப் பிசைந்தார். நடுவர் பார்த்துப் புள்ளி போடும்வரை எந்தப் பொருளையும் அசைக்க விடமாட்டார்களாம். நடுவர் எங்கே? அதோ, கதிரைகளுக்கு நடுவில். ஓய்வுபெற்ற ஏதோ அதிகாரி, பெரிய உடம்பு. ஒவ்வொரு கதிரையையும் இருந்து பார்த்தால்தான் புள்ளி போடுவார். இருந்த இருப்பில் ஒரு தேத்தண்ணி குடித்தால்தான் கதிரையின் குணம் தெரியும் என்றும் அவருக்கு ஒரு கொள்கை. கதிரைகளோ வரிசையாக நின்றன.

நாங்கள் அவருடைய தேத்தண்ணிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் பெட்டி பூட்டின ட்ரக்டர் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து குதித்தவர் சனத்தை விலக்கிக்கொண்டு நேரே கட்டிலுக்கு வந்தார். அதில் உருண்டுகொண்டிருந்த பிள்ளைகளை இறக்கிவிட்டார். சட்டத்தில் கை வைத்திருந்த உம்மாவைப் பார்த்து, "ராத்தா, கைய எடுங்க. இது என்ட கட்டில். நான் கொண்டுபோகப் போறன்" என்றார்.

மேல் பொத்தான் பூட்டித்தான் இருந்தது. தன் உம்மாவை எதிர்த்துக் கதைக்க முடியாமல், கலியாணத்தையும் விட முடியாமல், மாப்பிள்ளை ட்ரக்டரைக் கொண்டு வந்திருக்கிறார். எனக்குச் சந்தோஷத்தில் தலை சுற்றியது. ஆனால் என் வாய் இருக்கிறதே, அது வாப்பாவின் வாய்.

"ஆர்ட கட்டில்? கலியாணக் காவின் எழுதின பொறகுதான் உங்கட. இண்டைக்கு இது எங்கட வாப்பாட!" என்று கையை நீட்டிவிட்டேன்.

அவர் கையைப் பார்த்தார். நகம்வரை சிவந்த மருதோன்றி. பிறகு பக்கத்தில் நின்ற ‘ராத்தா’ யார் என்பதும் அவருக்கு விளங்கியது. "மாமி..." என்று ஏதோ தொடங்கி, அதற்கு மேல் வராமல், வழக்கம்போலச் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார். நான் கையைச் சீலைக்குள் இழுத்துக்கொண்டு உம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அந்த நேரத்தில்தான் நடுவர் வந்து சேர்ந்தார். கட்டிலை விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். மட்டையை வாசித்தார். "கலியாணக் கட்டிலெண்டா ரெண்டு பேரத் தாங்கணும். நான் படுத்தா எழும்பமாட்டன். ரெண்டு பேர் ஏறிப் படுங்க பாப்பம்" என்றவர், சுற்றிப் பார்த்து விரலை நீட்டினார். "நீங்க, தம்பி. அந்தா, பின்னால நிக்கிற புள்ள, நீங்களும் வாங்க."

உம்மா, "யா அல்லாஹ்!" என்று கத்தியது காரைதீவுக்கும் கேட்டிருக்கும்.

"படுக்காட்டிப் புள்ளி இல்ல" என்றார் நடுவர்.

வாப்பா என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், முதல் பரிசுக்கு வைத்திருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "வாங்க மருமகன்" என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கட்டிலில் ஏற்றித் தானும் பக்கத்தில் படுத்தார்.

சனம் சிரித்த சிரிப்பில் யாரோ ஒருவர் காட்சிக்கு வைத்திருந்த மேசையோடு சரிந்து விழுந்தார். ‘என் மகளின் கலியாணக் கட்டில்’ என்ற மட்டைக்குக் கீழே மாமனாரும் மருமகனும் முகட்டைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார்கள். நடுவர் அவர்களைச் சுற்றி நடந்து ஏதேதோ எழுதினார். அப்போது வாப்பாவின் உதடு அசைந்ததைக் கண்டேன். மருமகனின் காதில் என்னவோ சொன்னார். மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. அதன் பிறகு அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஏசிவிட்டாரோ? நான் கையை நீட்டிக் கதைத்ததைப் பற்றி ஏதும் சொன்னாரோ? எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதல் பரிசு சம்மாந்துறையிலிருந்து வந்த ஒரு தொட்டிலுக்குப் போனது. கட்டிலுக்கு இரண்டாவது இடம். "கட்டில் இல்லாமத் தொட்டில் எங்கால வரும்? அந்த மனுசனுக்கு அறிவு இரிக்கா?" என்று வாப்பா குதித்தார். "மெதுவா, முதல்ல கட்டில் ஊடு போய்ச் சேரட்டும்" என்றார் உம்மா.

கட்டிலைக் கழற்றக்கூட நேரமில்லை. நின்றபடியே ட்ரக்டர் பெட்டியில் தூக்கி வைத்தார்கள். உம்மாவும் நானும் பஸ்ஸில் வந்தோம். ஜன்னலுக்கு வெளியே, சாய்ந்தமருது கடைத்தெருவில், வாப்பா கட்டிலின் தலைமாட்டோரம் சம்மாணம் போட்டிருந்து போகிறவர் வருகிறவருக்கெல்லாம் ஸலாம் சொல்லிக்கொண்டு போனார். மஃரிபுக்கு முன்பே கட்டில் அறைக்குள் நின்றது. உடனே பெண்கள் அறையைப் பிடித்துக்கொண்டு, மெத்தை போட்டு, சோடிக்கத் தொடங்கினார்கள். வாப்பா நாலைந்து தரம் வாசலில் வந்து நின்றார். ஆம்பிளைக்கு இங்கே என்ன வேலை என்று துரத்திவிட்டார்கள்.

மறுநாள் அஸருக்குப் பின் காவின் எழுதினார்கள். மாப்பிள்ளை வந்தார், மாமியாரும் வந்தார். பாலும் பழமும் கொடுக்க எங்கள் இரண்டு பேரையும் கட்டிலில் இருக்கச் சொன்னார்கள். நான் இருக்கப் போனேன். அவர் சட்டென்று என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். தானும் இருக்கவில்லை.

"இரிங்க மாப்புள."

"இல்ல, நிக்கிறன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்குக் கட்டில் பிடிக்கவில்லை என்று யாரோ மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நான் அண்டைக்கே சென்னன்தானே" என்றார். பட்டுச் சீலைக்குள் என் உடம்பு எரிந்தது. பிடிக்காதவர் எதற்காக ட்ரக்டர் கொண்டுவந்தார் என்று அவர் முகத்துக்கு நேரே கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் வாப்பா பெண்களை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். புதுச் சாரன், அத்தர் வாசம், கையில் மரச் சுத்தியல். ஒருவரோடும் கதைக்காமல் குனிந்து கட்டிலுக்குக் கீழே போனார். கால்மாட்டில் ஓங்கி இரண்டு அடி கேட்டது. தலையில் சோடனைப் பூவோடு வெளியே வந்தார்.

"சனம் ஏறி இறங்கினதில ஆப்பு கழண்டுட்டு" என்று மாமியாரைப் பார்க்காமல் சொன்னார். "நேத்துப் படுத்த நேரந்தான் எனக்கே தெரியும். அசைஞ்சா ரெண்டு பேரும் கீழ, மூச்சப் புடிச்சிட்டுக் கிடங்க எண்டு மருமகன்ட காதில சென்னன். இப்ப இரிங்க மகன்."

மாமியார் மகனைப் பார்த்தார். "இத ஏன்டா நீ என்னட்டச் செல்லல்ல?"

மாப்பிள்ளை கட்டிலில் நன்றாக அழுத்தி உட்கார்ந்தார். கட்டில் அசையவில்லை. பக்கத்தில் எனக்கு இடம் விட்டுவிட்டு, "சென்னா நீங்க கலியாணத்த நிப்பாட்டியிருப்பீங்க உம்மா" என்றார்.