கராஜுக்குள் ஒரு காட்டுக் கொள்ளைக்காரன்

என்மேல் எந்தக் குற்றப் பதிவும் இல்லை. முப்பத்தொரு வருடக் கனடா வாழ்க்கையில் ஒரேயொரு பார்க்கிங் டிக்கெற் வந்தது; அதையும் அன்றைக்கே கட்டிவிட்டேன். பெயர் அன்புராசா, வயது ஐம்பத்தெட்டு, நகர ஓரத்து மல்வேர்னில் சுவரோடு சுவர் ஒட்டிய வாடகை ரவுன்ஹவுஸ், நகரத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் லொபியில் செக்யூரிற்றி வேலை. வருகிறவர்களுக்குக் காலை வணக்கம் சொல்லி, லிப்ற் இருக்கும் பக்கத்தைக் கையால் காட்டுவதுதான் என் அதிகாரம். இப்படிப்பட்ட நான் ஐந்து மாதம் கொள்ளைக்காரனாக இருந்தேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். என் மனைவி கிளடிஸ் இன்றுவரை நம்பவில்லை.

இதற்கெல்லாம் காரணம் மெல்பேர்னில் இருக்கும் என் மச்சான் சீமோன். ஓய்வுபெற்ற பிறகு அவனுக்கு அவுஸ்திரேலியச் சரித்திரத்தில் பித்துப் பிடித்துவிட்டது. ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் வந்து, அந்தக் காலத்துக் காட்டுக் கொள்ளைக்காரரைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பான். முதலில் காட்டுக்குள் போனவர்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகளாம். துணி திருடியவன், ஆடு திருடியவன். கசையடி தாங்காமல் ஓடினார்கள். காட்டில் தின்ன ஒன்றும் இல்லை, அதனால் வழிப்பறி. அடுத்த தலைமுறை அங்கேயே பிறந்த ஏழைகள். நல்ல நிலமெல்லாம் பெரிய ஆட்களின் கையில். இவர்கள் குதிரையில் போனால், இது யாருடைய குதிரை என்று பொலிஸ் மறிக்கும். தங்கம் அகப்பட்ட காலத்தில், மண்ணைக் கிண்டுவதைவிடத் தங்கம் ஏற்றிய வண்டியை மறிப்பது சுகம் என்று போனவர்களும் உண்டு. வெறும் எடுப்புக்கு, வீரம் காட்டப் போனவர்களும் உண்டு என்றான் சீமோன். அந்தக் கடைசி வகையை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“ஒருத்தனும் பிறக்கேக்கை கள்ளன் இல்லை மச்சான்,” என்பான் சீமோன். “ஆரோ ஒருத்தன் ஒரு சொல்லுச் சொல்லியிருப்பான். அது நெஞ்சிலை நிண்டிருக்கும்.”

எனக்கு அந்தச் சொல் செப்டெம்பரில் தபாலில் வந்தது.

எங்கள் சனம் இங்கே மீன் பொரிப்பது கராஜுக்குள்தான். ஒரு காஸ் அடுப்பு, ஒரு தாச்சி, பாதி உயர்த்திய கதவு. வீட்டுக்குள் பொரித்தால் மணம் கோட்டுகளில் ஏறிவிடும், மாரி முழுக்க இறங்காது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை சூடை மீன் பொரியல் இல்லாவிட்டால் அது சனிக்கிழமையே இல்லை. கராஜுகளைச் சோதிக்க வந்த, வீடுகளைப் பராமரிக்கும் மனேஜ்மென்ற் ஆள் எங்கள் கராஜில் ‘துர்நாற்றம்’ வீசியதாக எழுதியிருந்தான். அங்கே அடுப்பு மூட்டுவது தீ விதிகளுக்கு எதிரானது. மூன்றாவது கடிதம் அனுப்பவேண்டி வந்தால், வீட்டை விடச் சொல்லி வழக்குப் போடுவோம் என்றும் கடிதத்தில் இருந்தது. பத்தொன்பது வருடமாக இருக்கும் வீடு. இன்றைய வாடகையில் எங்களுக்கு நகரத்துக்கு வெளியே அஜக்ஸில்கூட ஒரு பேஸ்மென்ற் கிடைக்காது.

புத்தியுள்ளவன் அன்றைக்கே அடுப்பை அணைத்திருப்பான். நான் ‘துர்நாற்றம்’ என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். ‘தீ’ என்ற சொல்லை வாசித்ததாகவே ஞாபகம் இல்லை.

“இனி உள்ளுக்கை பொரிப்பம்,” என்றாள் கிளடிஸ்.

“எங்கட மீன் நாறுதாமோ? விடமாட்டன். கராஜுக்கைதான் பொரிக்கிறது,” என்றேன்.

அன்றிலிருந்து நான் சட்டத்துக்கு வெளியே வாழ்ந்தேன். சீமோனின் ஆட்களோடு என்னை ஒப்பிட்டும் பார்த்தேன். அவர்களுக்கு நிலமில்லை, எனக்கும் இல்லை. அவர்களிடம் குதிரை, என்னிடம் 2009 கொரோலா. கலப்பை இரும்பை அடித்துக் கவசம் செய்து போட்டவன் ஒருவன் இருந்தானாம். எனக்கு முழங்கால்வரை ஒரு வின்ரர் ஜக்கெற். பொலிஸ் வருகிறது என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல ஏழைக் குடியானவர்கள் இருந்தார்கள். எனக்கு மூன்றாம் வீட்டுச் சச்சிதானந்தன் இருந்தார். மனேஜ்மென்றின் வெள்ளை வான் உள்ளே திரும்பினால் ஒரு மிஸ்ட் கோல் தருவதாக ஒத்துக்கொண்டார். சனிக்கிழமைகளில் நான் வாசலில் பனி தள்ளுகிற பாவனையில் சவளோடு காவல் நிற்பேன். பனி விழாத நாட்களிலும் தள்ளினேன்.

ஜனவரியில் இரண்டாவது கடிதம் வந்தது. யாரோ தொலைபேசியில் அழைத்து முறைப்பாடு செய்தார்களாம்.

இன்னும் ஒரு கடிதம், அதோடு வீடு போய்விடும். ஆனாலும் வீட்டைவிடப் பெரிதாக என்னை வாட்டியது, காட்டிக்கொடுத்தவன் யார் என்பதுதான். காட்டுக் கொள்ளைக்காரரில் எத்தனையோ பேரைக் காட்டிக்கொடுத்தது தெரிந்த ஆட்கள்தான் என்று சீமோன் சொல்லியிருந்தான். நேரே சச்சிதானந்தன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள்தானே போன் பண்ணினது?”

மனுசன் உள்ளே திரும்பி மனைவி இல்லை என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எனக்கென்ன விசரே? அவ சைவமெண்டு என்னையும் சைவமாக்கிப் போட்டா. நான் சனிக்கிழமையிலை மேல் ஜன்னலைத் திறந்து வைக்கிறதே உங்கட பொரியலை மணக்கத்தான்.”

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கிளடிஸ் குசினியில் கைக்குக் களிம்பு பூசிக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் சிவந்து, இரண்டு இடத்தில் வெடித்திருந்தன.

“அவர் இல்லையாம். பொறும், ஆளைப் பிடிக்கிறன்,” என்றேன்.

“பிடிக்க வேண்டாம். நான்தான் போன் பண்ணினனான்.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

“ரெண்டாவது கடிதம் வந்தாலாவது பயப்பிடுவியள் எண்டு நினைச்சன்,” என்றாள். “மைனஸ் பதினெட்டிலை கதவைப் பாதி திறந்துவிட்டு ஆர் நிண்டு பொரிச்சது? காஸ் சிலிண்டருக்குப் பக்கத்திலை ஆர் நிண்டது? ஏலாதெண்டு மூண்டுதரம் சொன்னனான். மூண்டுதரமும் நீங்கள் எனக்கு அவுஸ்திரேலியாக் கதை சொன்னியள்.”

“நான் வாசலிலை குளிருக்கை காவல் நிண்டனான்தானே?”

“ஜக்கெற்றும் கிளவுசும் போட்டு நிண்டியள். கிளவுசோடை மீன் பிரட்டேலாது.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய வெட்கம் பின்னால் வந்தது. முதல்முதலில் கராஜுக்குள் அடுப்பு வைத்தது யார்? பதினேழு வருடத்துக்கு முன், லொபி வேலை கிடைத்த கிழமை, நான்தான். யூனிபோர்மில் மீன் மணந்தால் லிப்ற்றுக்குப் போகிறவர்கள் மூக்கைச் சுழிப்பார்கள் என்று பயந்து அவளை வெளியே அனுப்பினேன். அந்த மனேஜ்மென்ற் ஆள் செப்டெம்பரில் எழுதிய சொல்லை நான் பதினேழு வருடமாகச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதைக் கேட்டவள் கிளடிஸ் ஒருத்திதான்.

அந்த ஞாயிறு சீமோனிடம் கேட்டேன்: “உன்ரை ஆக்கள் காட்டுக்கை திரியேக்கை வீட்டிலை பெண்சாதிமார் என்ன செய்தவை?”

“அதை நான் வாசிக்கேல்லை மச்சான்,” என்றான்.

காஸ் அடுப்பைச் சச்சிதானந்தன் கேட்டார், கொடுக்கவில்லை. அவருக்கும் ஒரு மனைவி இருக்கிறார். மூன்றாவது கடிதம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை குசினியில் நானே சூடை பொரித்தேன், பாதி கருகிவிட்டது. கிளடிஸ் கதிரையில் இருந்தபடி, எப்போது பிரட்டவேண்டும் என்று சொன்னாள்.

திங்கட்கிழமை, பொரியல் மணக்கும் யூனிபோர்மோடு லொபியில் போய் நின்றேன். யாராவது மூக்கைச் சுழிக்கட்டும், ஒரு சொல் சொல்லட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்னேரம்வரை காத்திருந்தேன். எல்லோரும் காலை வணக்கம் சொல்லிவிட்டு லிப்ற்றுக்குப் போனார்கள்.