கதவைத் திறக்கும் முன் ஒரு கேள்வி

முதலில் ஒரு விடுகதை. காலையில் வயிறு முட்ட விழுங்கும். சாயங்காலம் ஒவ்வொன்றாகக் கக்கும். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடக்கும். அது என்ன?

என் வண்டியில் வரும் ஒரு பையன் கொஞ்சமும் யோசிக்காமல், "எங்க தம்பி" என்றான். சரியான விடை, பள்ளிக்கூட வேன். சுங்குவார்சத்திரத்தில் தொடங்கிப் பென்னலூர் வரைக்கும் வேன் ஓட்டுவது ரொம்ப எளிய தொழில். கம்பெனி பஸ்ஸுக்கும் கன்டெய்னர் லாரிக்கும் வழி விட வேண்டும். பின்னால் நடக்கும் சண்டையில் மட்டும் யாருக்கும் வழி விடக் கூடாது. இதே தொழிலில் இருந்து இதே காதுவலியோடு வீடு திரும்பும் அண்ணன்மார்கள், நான் சொல்வதைப் பாதியிலேயே புரிந்துகொள்வீர்கள்.

மொட்டை

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் வேன் நின்றதும் கதவைத் திறக்க மாட்டேன். இறங்க வேண்டிய பிள்ளையிடம், "யாரு வந்திருக்கா?" என்று கேட்பேன். பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்ன ஆளின் கையில் பிள்ளையின் கையைக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவேன். பிள்ளை சொல்லாவிட்டால், வந்திருப்பவர் மந்திரியாக இருந்தாலும் கதவு திறக்காது.

ஒருநாள் எல்.கே.ஜி. பிள்ளை ஒன்று வெளியே பார்த்துவிட்டு, "தெரியாது" என்றது. வெளியே நின்ற மனிதர் சிரித்தார், கெஞ்சினார், பிறகு கோபப்பட்டார். பிள்ளை அசையவில்லை, நானும் அசையவில்லை. கடைசியில் அம்மாவை வரவழைத்துத்தான் தீர்ந்தது. அந்த மனிதர் பிள்ளையின் அப்பாதான், காலையில்தான் திருப்பதியிலிருந்து வந்தாராம். போகும்போது தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மொட்டைதாண்ணா போட்டேன், ஆளை மாத்தலியே!"

வெள்ளை வேன்

எல்லா வேனுக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த வாரம் அதில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. வடநாட்டுக்காரர்கள் வெள்ளை வேனில் சுற்றுகிறார்களாம். மயக்க பிஸ்கட் கொடுத்துப் பிள்ளைகளைத் தூக்குகிறார்களாம். பேசியவர் யார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் குரலில் அவ்வளவு அக்கறை இருந்தது.

ஒரு அம்மா அதை எனக்குத் தனியாகவும் அனுப்பி, வெள்ளை வேனைக் கண்டால் உடனே தகவல் சொல்லும்படி எழுதியிருந்தார். "உங்க பிள்ளைங்க ரெண்டு பேரும் இப்ப வெள்ளை வேன்லதாம்மா உக்காந்திருக்காங்க, ஓட்டறது நான்தான்" என்று பதில் போட்டேன். உடனே பதில் வந்தது: "தெரியும்ண்ணா, இருந்தாலும் பார்த்து ஜாக்கிரதையா இருங்க."

ஒரு பிஸ்கட் பாக்கெட்

யாழினி இரண்டாம் வகுப்பு. அவளுடையதுதான் கடைசி நிறுத்தம். அப்பா லாரியோடு வெளியூரில் இருப்பார். அம்மா கல்பனாவுக்கு ஒரு கம்பெனி லைனில் வேலை. ஓ.டி. என்று கூடுதல் நேர வேலை வந்துவிட்டால் பிள்ளையை வாங்கிக்கொள்ள, பக்கத்து அறையில் குடியிருக்கும் சுசாந்த் வருவார். ஒடிசாக்காரர். கார் சீட் தைக்கும் இடத்தில் நைட் ஷிஃப்ட் என்பதால் சாயங்காலம் வீட்டில் இருப்பார். அவருக்கும் ஊரில் ஒரு பெண் பிள்ளை. அவர் வந்தால், நான் கேட்பதற்கு முன்னாலேயே யாழினி கதவைத் தட்டுவாள்: "சுசாந்த் மாமா!" அவர் கையில் எப்போதும் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கும். பாதி அவளுக்கு, மீதியை அவள் தெரு நாய்களுக்குப் பங்கு வைப்பாள்.

அன்றைக்கும் அப்படித்தான் கையில் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தால் டீக்கடைப் பக்கம் கூட்டம். ஓடினேன். நாலைந்து பேர் அவரைக் கீழே தள்ளி மிதித்துக்கொண்டிருந்தார்கள். "யார் வூட்டுப் பாப்பாடா இது?" என்று கேட்டிருக்கிறார்கள். பயத்தில் அவருக்குத் தமிழ் மறந்து ஹிந்தி வந்திருக்கிறது. அது போதாதா? கையில் பிஸ்கட் வேறு. யாழினி கத்தக் கத்த, பிள்ளை எவ்வளவு பயந்திருக்கிறது பார் என்று இன்னும் அடித்தார்கள். ஒரு அம்மா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அழாத கண்ணு, புடிச்சிட்டோம்" என்று தேற்றினாள்.

நான் உள்ளே புகுந்து, இவர் யார், பிள்ளை யார் என்று தொண்டை கிழியச் சொன்ன பிறகுதான் கைகள் நின்றன. நான் தினமும் கேட்கும் ஒரு கேள்வியை யாராவது அந்தப் பிள்ளையிடம் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. சுசாந்தின் இடது கை ஒடிந்து தொங்கியது, வாயெல்லாம் ரத்தம். அடித்தவர்களில் ஒருவன் குனிந்து அவரிடமே வருத்தத்தோடு கேட்டான்: "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாபா?"

யார் என்று தெரிய வேண்டும்

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக்கொண்டு, யாழினியையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டு நல்ல மனிதர். சுசாந்துக்கு நாற்காலி போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு விசாரணையைத் தொடங்கினார். ஆதார் எங்கே, கம்பெனி அடையாள அட்டை எங்கே, சொந்த ஊர் எது, இங்கே எப்போது வந்தீர்கள், எதற்கு வந்தீர்கள். நான் மெதுவாக, "சார், இவர் அடி வாங்கினவர்" என்று நினைவுபடுத்தினேன். ஏட்டு என்னைப் பார்த்து, "அடிச்சவங்கல்லாம் நம்ம ஊர் ஆளுங்க டிரைவரே, எங்கியும் போவ மாட்டாங்க. இவரு யாருன்னுதான் தெரியணும்" என்றார்.

அப்போது கல்பனா உள்ளே வந்தாள். கம்பெனி சட்டைகூட மாற்றவில்லை. லைனில் போட்டிருந்த தொப்பியின் தடம் நெற்றியில் அப்படியே இருந்தது. உள்ளறையிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் அம்மா ஏதோ கேட்பதற்குள் கல்பனா சொன்னாள்: "இவரை நான்தான் மேடம் அனுப்பினேன். இவரு யாருன்னு என் பொண்ணுக்குத் தெரியும், அவளைக் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் அம்மா யாழினியைக் கேட்டார். அதற்குப் பிறகுதான் வழக்கு எழுதப்பட்டது.

மூஞ்சி

டீக்கடைக் கேமராவில் அடித்தவர்கள் எல்லாரும் பளிச்சென்று இருந்தார்கள். கூட்டத்தில் கடைசியாக வந்து, என்ன ஏது என்று கேட்காமல், அழும் பிள்ளை யார் என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் செருப்பைக் கழற்றியவர் கோவிந்தசாமி. யாழினியின் சொந்தப் பெரியப்பா. இருந்த நிலம் கம்பெனிக்குப் போன பிறகு வரிசையாக அறைகள் கட்டி, ஒடிசா, பீகார் ஆட்களுக்கு வாடகைக்கு விட்டு வாழ்பவர். சுசாந்த் குடியிருப்பதும் அவர் அறையில்தான், அதுவும் சில வருஷங்களாக.

"உங்க வூட்டுலயே குடியிருக்கிற ஆளை உங்களுக்கு எப்படித் தெரியாம போச்சு?" என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார். பெரியப்பா பொய் சொல்லத் தெரியாதவர். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "வாடகை வாங்கசொல்ல கையைத்தாம்மா பாப்பேன், மூஞ்சிய எவன் பார்த்தான்?"

மைக் செட்

பெரியப்பா உட்பட எல்லார் மேலும் வழக்கு. இளவட்டங்கள் உள்ளே போனார்கள், பெரியப்பா ஜாமீனில் வந்தார். வதந்தியை நம்பாதீர்கள், வெளி மாநிலத் தொழிலாளர்கள் பயப்படாதீர்கள் என்று சொல்ல ஜீப்பில் மைக் கட்டி அனுப்பினார்கள். தமிழில் சொல்வது எளிதாக முடிந்தது. ஹிந்திக்கு ஏட்டிடம் தமிழ் எழுத்தில் எழுதிய தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். பெரியப்பாவின் அறை வரிசைக்கு முன்னால் நின்று, வியர்க்க விறுவிறுக்க அதை முழுவதும் படித்தார்.

பையன்கள் கைலியோடு வாசலில் நின்று மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் ஏட்டு தாளை மடித்தார். பிறகு பின்னாலிருந்து ஒரு பீகார்ப் பையன் கையைத் தூக்கினான்: "சார், தமிழ்லயே சொல்லுங்க, புரியும்."

இரண்டு பேர்

யாழினி அதற்குப் பிறகு அம்மாவைத் தவிர யார் கையையும் பிடிக்கவில்லை. கல்பனாவின் லீவு தீர்ந்துபோனது. சொந்தக்காரர்கள் மட்டுமே பிள்ளையை வாங்க வேண்டும் என்று வாட்ஸ்அப் குரூப் ஒருமனதாகத் தீர்மானித்தது. உடனே பெரியப்பா, "நான் போறேன்" என்றார். சுசாந்த் பையைக் கட்டி அறைக்கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். "என்னைப் பார்த்தா பாப்பாவுக்கு அடி ஞாபகம் வரும் அக்கா. பாப்பா பயந்தா நான் ஊருக்குப் போறேன்" என்று சொன்னாராம். கல்பனா காலையில் வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "சாயங்காலம் ரெண்டு பேரும் வருவாங்கண்ணா. நீங்க எப்பவும் கேக்கறதைக் கேளுங்க. அவ சொல்றவங்க கையில விடுங்க."

சாயங்காலம் இரண்டு பேரும் நின்றார்கள். பெரியப்பா முன்னால், புதுச் சட்டையில், கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு. டீக்கடைக்காரர்கள் யாரும் அவரை நிறுத்தி விசாரிக்கவில்லை. சுசாந்த் தள்ளி, பாதுகாப்புக்குப் போட்டிருந்த ஏட்டின் பக்கத்தில், கழுத்தில் தொங்கும் கட்டோடு, வெறுங்கையாக. பின்னால் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. "தொறங்க டிரைவரே, ஜாம் ஆவுது" என்றார் ஏட்டு. நான் திரும்பி, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டேன்.

யாழினி ஜன்னலில் மூக்கை வைத்து நிதானமாகப் பார்த்தாள். "பெரியப்பா வந்திருக்காரு. சுசாந்த் மாமாவும் வந்திருக்காரு" என்றாள். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது, வந்திருப்பவர் யார் என்று மூஞ்சியைப் பார்த்துச் சொல்லும் வேலையை இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவர்களிடமே விட்டுவிடுவது ஊருக்கு நல்லது என்பதுதான். கதவைத் திறந்தேன்.

யாழினி புத்தகப் பையைப் பெரியப்பாவிடம் கொடுத்தாள். சுசாந்தின் கட்டுப்போடாத கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.